பாட்டில் ஒரு குதிரைவீரன், பதிவேட்டில் ஒரு குதிரைவீரன்: தேசிங்கும் ஃபிரெட் ஆர்ச்சரும்

திருமலைக் கோயிலுக்குள் மூன்று செப்புச் சிலைகள் கைகூப்பி நிற்கின்றன. ஆண் சிலை லாலா கேமராமு என்பவருடையது. தோடர்மல் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். உடன் நிற்பவர்கள் அவருடைய தாய் மாதா மோகனாதேவியும் மனைவி பீதாபீபியும். கிருஷ்ணதேவராயரையும் அவருடைய தேவியர் இருவரையும் தேடிக் கண்டுகொள்கிற பக்தர்கள்கூட இந்த மூவரைக் கடந்து போய்விடுகிறார்கள். தோடர்மல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரிய அதிகாரி. போர்ப் பயத்தால் உடையார்பாளையத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த காஞ்சி வரதராசப் பெருமாள் 1710இல் ஊர் திரும்பத் துணைநின்றவர் இவரே.

இந்தப் பக்தர் தமிழ்நாட்டின் புகழ்பெற்ற கதைப்பாடல் ஒன்றிலும் வருகிறார். தேசிங்குராஜன் கதையில், ஆற்காட்டு நவாபுக்காகக் கப்பம் கேட்டுச் செஞ்சிக்கு வந்து வெறுங்கையோடு திரும்புகிற தோன்றமல்லண்ணன் இவர்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆக, தேசிங்கின் கதையில் வரும் ஒரு மனிதரின் நேர் உருவத்தைப் பார்க்க நாம் செஞ்சிக்குக்கூடப் போக வேண்டியதில்லை, திருமலையிலேயே பார்க்கலாம்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு இந்தக் கதை அந்நியமானதும் அல்ல. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்தது சித்தூர்தான். 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கமும் சத்தியவேடு ஆந்திரப் பக்கமும் போயின. கோடு மாறினாலும் கேட்ட கதைகள் மாறவில்லை. தமிழில் கூத்தாகவும் கதைப்பாடலாகவும் வாழ்ந்த தேசிங்கு, தெலுங்கில் தேசிங்குராஜு கதையாக, புர்ரகதைக்காரர்களின் குரலிலும் வாழ்ந்தான்.

குதிரையேற்றத்தால் பெயர் பெற்று இளமையிலேயே மடிந்த ஒருவனை நம் மக்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்குத் தேசிங்கைவிடச் சிறந்த சான்று இல்லை. அதே போன்ற ஒருவரை இன்னொரு நாட்டவர் எப்படி நினைவில் வைத்தார்கள் என்று பார்க்க, இங்கிலாந்தின் பந்தயக்களத்திலிருந்து ஃபிரெட் ஆர்ச்சரை எடுத்துக்கொள்கிறேன். ஒருவன் போர்வீரன், மற்றவர் ஜாக்கி. இருவருக்கும் இடையே 170 ஆண்டு இடைவெளி. ஆனாலும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், ஒரு சமூகம் எதைக் காப்பாற்றுகிறது, எதைக் கைநழுவ விடுகிறது என்பது துலக்கமாகத் தெரிகிறது. பாட்டு மட்டும் போதாது, பதிவேடு மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வீரனுக்கு நியாயம் கிடைக்கும் என்பதே இந்த ஒப்பாய்வின் முடிபு.

இருவரும் யார்?

தேசிங்கின் இயற்பெயர் தேஜ் சிங். புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரன். அவனுடைய தந்தை சொரூப் சிங் ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவரானார். 1714இல் அவர் இறந்ததும் மகன் செஞ்சிக்கு வந்து பொறுப்பை ஏற்றான். ஔரங்கசீப் கொடுத்த ஆணையே தன் உரிமைக்கு ஆதாரம் என்றான். புதிய பாதுஷா அதை உறுதி செய்யவில்லை, கோட்டையின் கப்பப் பாக்கியும் தீரவில்லை என்றார் நவாப் சாதத்துல்லா கான். பேச்சு முறிந்தது. 1714 அக்டோபர் 3 அன்று செஞ்சிக்கு அருகில் கடலி என்ற ஊரில் நடந்த போரில் தேசிங்கு மாண்டான். அவன் செஞ்சியை ஆண்டது சில மாதங்களே. அப்போது அவன் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தான்.

ஃபிரெட் ஆர்ச்சர் 1857 ஜனவரி 11 அன்று இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தார். தந்தை வில்லியம் ஆர்ச்சரும் ஜாக்கிதான். 1858இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றவர். மகன் பதினொரு வயதில் நியூமார்க்கெட்டுக்குப் போய், மாத்யூ டாசன் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரின் லாயத்தில் சேர்ந்தார். 1874 முதல் 1886 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் நாட்டின் முதல் ஜாக்கி அவர்தான். 8,084 ஓட்டங்கள், அவற்றில் 2,748 வெற்றிகள். ஐந்து டெர்பி உட்பட 21 கிளாசிக் பந்தயங்கள். 1885இல் மட்டும் 246 வெற்றிகள். 1886 நவம்பர் 8 அன்று, 29 வயதில், காய்ச்சலின் பிடியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இந்த இரண்டு பத்திகளின் தன்மையே வேறுபடுவதைப் பாருங்கள். தேசிங்கைப் பற்றிச் சொல்ல உறவும் உரிமையும் சண்டையும் இருக்கின்றன. உறுதியான தேதி ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்ச்சரைப் பற்றிச் சொல்ல எண்கள் வரிசைகட்டி நிற்கின்றன. தேசிங்கு எத்தனை முறை குதிரை ஏறினான் என்று எவரும் எண்ணவில்லை. ஆர்ச்சர் ஏறிய ஒவ்வொரு முறையும் எண்ணப்பட்டது.

குதிரையை வசப்படுத்திய விதம்

கதைப்பாடலின்படி, டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை இருந்தது. அதை அடக்கச் சொல்லி அழைத்த பாதுஷா, முடியாமல் தோற்ற தேசிங்கின் தந்தையைச் சிறையில் அடைக்கிறார். சிறுவனான தேசிங்கு தந்தையை மீட்கப் புறப்படுகிறான். அரங்கநாதரை வேண்டிக் குதிரைமேல் தாவுகிறான். குதிரை ஆகாயத்தில் எழும்புகிறது, அவன் விழவில்லை. அடக்கிக் காட்டிய குதிரையே அவனுக்குப் பரிசாகிறது. மணமகளும் அந்த டில்லிப் பயணத்திலேயே அமைகிறாள்.

இது வரலாறு அன்று. வரலாற்றிலே தந்தை செஞ்சியில்தான் இருந்தார், செஞ்சியிலேயே இறந்தார். ஆனால் இந்தக் கற்பனையில் மக்கள் ஒரு கருத்தைப் பொதிந்து வைத்தார்கள்: வீரனின் தகுதி பிறப்பால் வருவதன்று, ஒரு விலங்கோடு தனியாக நின்று அதன் நம்பிக்கையைப் பெறுவதால் வருவது. அதிகாரம் தந்தையைச் சிறையில் அடைக்கலாம், குதிரையை அதனால் அடக்க முடியாது. கப்பம் கேட்டு வந்த அதிகாரியையும் வரி கேட்டு வந்த படையையும் பார்த்துப் பழகிய குடியானவருக்கு இந்தக் கருத்து எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆர்ச்சரின் கதையில் அற்புதம் இல்லை, பழக்கம் இருக்கிறது. விடியுமுன் எழுந்து லாயத்தைக் கூட்டுவது, குதிரையைத் தேய்ப்பது, காலைப் பயிற்சி ஓட்டத்துக்கு ஏறுவது என்று ஆண்டுக்கணக்கில் வளர்ந்தவர் அவர். தட்டையான ஓடுபாதைப் பந்தயத்தில் முதல் வெற்றி 1870இல் வந்தது. நாட்டின் முதல் ஜாக்கி ஆனது நான்கு ஆண்டுகள் கழித்து. அதிகம் படிக்காதவர், கையெழுத்தே தடுமாறும் என்பார்கள். ஏட்டில் இவ்வளவு எண்களை விட்டுச்சென்றவருக்கு ஏட்டோடு பழக்கம் குறைவு.

இருவரையும் இணைக்கிற தொழில்நுட்பச் செய்தி ஒன்றும் உண்டு. இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற ஜாக்கிகள் அங்கவடியைக் குறுக்கிக்கொண்டு, குதிரையின் கழுத்தோரம் குனிந்து ஓட்டுகிறார்கள். அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் 1897இல் இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் அந்த அமர்வு அங்கே பரவியது. ஆர்ச்சர் நீண்ட அங்கவடியில் காலைத் தொங்கவிட்டு, முதுகை நிமிர்த்தி ஓட்டியவர். அந்த அமர்வு இன்றைய ஜாக்கியைவிடப் போர்க்களத்துக் குதிரைவீரனுக்கே நெருக்கமானது. அந்த வகையில் ஆர்ச்சருக்கும் தேசிங்குக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

கடலியும் எப்சமும்

இருவரின் புகழும் ஒவ்வொரு நாளில் குவிந்து நிற்கிறது. தேசிங்குக்குக் கடலிப் போர் நடந்த நாள்; ஆர்ச்சருக்கு 1880இன் எப்சம் டெர்பி.

கடலியில் நவாபின் படை பெரிது; செஞ்சியின் படை சில நூறு பேர். நவாபின் பக்கம் நின்ற பாளையக்காரர்களில் வெங்கடகிரி யாசம நாயக்கரும் ஒருவர். அந்த வெங்கடகிரி இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. புறப்படுமுன் தேசிங்கு சிங்கவரம் குடைவரைக் கோயிலில் அரங்கநாதரிடம் விடைகேட்டான், பெருமாள் வேண்டாம் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அந்த ஊரார் இன்றும் சொல்லும் செய்தி. தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத் கானுக்கு அப்போது திருமண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பாட்டு அவனை மோவுத்துக்காரன் என்று அழைக்கும். ஓலை வந்ததும் மணப்பந்தலை விட்டுக் குதிரை ஏறி வந்தான் என்கிறது பாட்டு. செஞ்சியாற்றில் வெள்ளம். தேசிங்கு குதிரையோடு இறங்கிக் கடக்கிறான். பின்தொடர்ந்தவர்களில் பலரால் கடக்க முடியவில்லை. எதிரிப் படைத்தலைவர் தௌலத் கான் போரில் விழுகிறார், மகபத் கானும் விழுகிறான், கடைசியில் தேசிங்கும் விழுகிறான்.

எப்சமில் நடந்தது ஒரு மனிதனுக்கும் அவன் உடம்புக்கும் நடந்த போராட்டம். டெர்பிக்குச் சில வாரங்களுக்கு முன், நியூமார்க்கெட்டில் காலைப் பயிற்சியின்போது முலி எட்ரிஸ் என்ற குதிரை ஆர்ச்சரின் கையைப் பல்லால் கவ்வித் தூக்கியது, கீழே போட்டு மேலே முட்டி போட்டது. கால் வழுக்கி அது ஓடிப்போனதால்தான் அவர் பிழைத்தார். கைத்தசை கிழிந்திருந்தது. பெண்ட் ஓர் என்ற குதிரைக்கு டெர்பியில் அவர்தான் ஜாக்கி என்று பேசி வைத்திருந்தார்கள். சரியாக ஆறாத கையோடு, எடையையும் அவசரமாகக் குறைத்துக்கொண்டு, கையில் இரும்புத் தகடு வைத்துக் கட்டி அவர் ஏறினார். டாட்டனம் வளைவில் ஓரக் கம்பியை ஒட்டியே குதிரையைத் திருப்பினார். கால் கம்பியில் சிக்காமல் இருக்க அதைக் குதிரையின் கழுத்துப் பக்கம் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் அடிபட்ட கையால் சவுக்கை எடுக்கப் போய் அது நழுவி விழுந்தது. சவுக்கில்லாமல், கையாலும் உடலாலும் மட்டும் தூண்டி, முன்னே போய்க்கொண்டிருந்த ராபர்ட் தி டெவிலை ஒரு தலை தூரத்தில் வென்றார்.

இரண்டு நாள்களையும் ஒப்பிட்டால் ஒரு வேற்றுமை பளிச்சென்று தெரிகிறது. ஆர்ச்சரின் நாள் வெற்றியால் நினைக்கப்படுகிறது. தேசிங்கின் நாள் தோல்வியால். தோற்றவனைப் பாடுவது தமிழ்க் கதைப்பாடலுக்குப் புதிதல்ல. கட்டபொம்மன், மதுரைவீரன், காத்தவராயன் ஆகிய எல்லோரும் அதிகாரத்தின் கையில் மடிந்தவர்களே. வென்ற பக்கத்துக்கு என்ன ஆயிற்று? சாதத்துல்லா கானின் வாரிசாக வந்த தோஸ்த் அலி கான் 1740 மே 20 அன்று சித்தூர் வட்டாரத்துத் தாமலசெருவுக் கணவாயில் மராட்டியரோடு போரிட்டுக் கொல்லப்பட்டார். அவரும் ஆண்ட நவாப்தான், போர்க்களத்தில் விழுந்தவர்தான். அந்தக் கணவாய் வழியாக நாள்தோறும் போகிறவர்கள்கூட அவரை நினைப்பதில்லை. தேசிங்குக்கு வாய்த்த பாட்டு அவருக்கு வாய்க்கவில்லை. கப்பம் கொடுக்க மாட்டேன் என்றவனுக்கே மக்கள் பாட்டுக் கட்டினார்கள்.

குதிரைக்குப் பெயர் என்ன?

பாட்டை நம்பலாமா, ஏட்டை நம்பலாமா என்ற கேள்விக்குக் குதிரைகளின் பெயரே நல்ல சோதனை.

தேசிங்கின் குதிரையைப் பாட்டு பாராசாரி என்கிறது. செஞ்சிப் பக்கத்து வழக்கிலும் பள்ளிப்பிள்ளைகள் கேட்ட கதையிலும் அதன் பெயர் நீலவேணி. நீலவேணி மகபத் கானின் குதிரை என்று சொல்வோரும் உண்டு. கடலிக்குப் பக்கத்து நீலாம்பூண்டியில் மகபத் கானுக்கும் குதிரைக்கும் சமாதிகள் இருக்கின்றன. ஆக, ஒரு குதிரைக்கு இரண்டு பெயர், ஒரு பெயருக்கு இரண்டு குதிரை. வாய்மொழி மரபின் குறை இது என்று ஏட்டுக்காரர் சொல்லக்கூடும்.

ஆனால் ஏட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது. 1880 டெர்பியை வென்றது பெண்ட் ஓர் அல்ல, அதே பண்ணையில் அதே ஆண்டு பிறந்த டாட்காஸ்டர் என்ற குதிரை. குட்டியாக இருந்தபோது இரண்டும் மாறிவிட்டன என்று அப்போதே முறையீடு எழுந்தது. பந்தய நடுவர்கள் விசாரித்துத் தள்ளுபடி செய்தார்கள். பெண்ட் ஓர் என்ற பெயரே ஏட்டில் நின்றது. அந்தக் குதிரையின் எலும்புக்கூடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தது. அதிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, அதன் தாய்வழி பெண்ட் ஓரின் தாயோடு பொருந்தவில்லை, டாட்காஸ்டரின் தாயோடு பொருந்துகிறது என்று காட்டியது. முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, விசாரணையும் நடத்திய பதிவேடு 130 ஆண்டுகளாகத் தவறான பெயரைச் சுமந்திருந்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏடு என்றால் உண்மை, பாட்டு என்றால் கற்பனை என்று பிரித்துவிடுகிற சோம்பல் நம் ஆய்வுலகில் உண்டு. அதற்கு இந்த ஒரு சான்றே பதில். இரண்டும் மனிதர் கை பட்டவை, இரண்டிலும் பிழை உண்டு. பாட்டில் இருக்கிற மாற்றுவடிவங்கள் பிழையை மறைப்பதில்லை, வெளியே வைக்கின்றன. ஏடு ஒரே வடிவத்தை வைத்துக்கொள்வதால் அதன் பிழை ஒளிந்துகொள்கிறது. ஆனால் ஏடு எலும்பையும் சேர்த்து வைத்திருந்ததால்தான் பிழையைத் திருத்தவும் முடிந்தது. நீலாம்பூண்டிச் சமாதியில் அப்படி ஒரு சோதனையை எவரும் செய்யப்போவதில்லை. செய்ய வேண்டியதும் இல்லை.

உடம்பு சொன்ன கதை

பாட்டு தொடாத ஓர் இடம் வீரனின் உடம்பு. தேசிங்கு என்ன சாப்பிட்டான், எவ்வளவு எடை, எப்போது சோர்ந்தான் என்று பாட்டு சொல்லாது. அவனுக்கு நோவில்லை, பசியில்லை. காவிய நாயகன் அப்படித்தான்.

ஆர்ச்சரின் உடம்பைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும், தெரிந்ததெல்லாம் வேதனையானது. ஐந்தடி பத்து அங்குல உயரம், ஜாக்கிக்கு ஒவ்வாத உயரம். பந்தயம் இல்லாத குளிர்காலத்தில் எடை 70 கிலோ வரை போகும். பந்தயப் பருவத்தில் 54 கிலோ அளவுக்கு இறக்க வேண்டும். அதற்காக வெந்நீராவிக் குளியல், விளக்கெண்ணெய், தனியே தயாரித்த கடுமையான பேதி மருந்து, அரை ஆரஞ்சுப் பழமும் ஒரு மத்தி மீனுமாக முடிந்துபோகிற உணவு. 1886 அக்டோபரில் கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்தில் செயிண்ட் மிரின் என்ற குதிரையை ஓட்டுவதற்காக மூன்று நாள் உண்ணாமல் இருந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பந்தயத்தில் ஒரு தலை தூரத்தில் தோற்றார். உடல் நலிந்தது, காய்ச்சல் கண்டது.

மனமும் நொந்திருந்தது. 1884 ஜனவரியில் பிறந்த ஆண்குழந்தை தங்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மகள் பிறந்த உடனே மனைவி ஹெலன் ரோஸ் இறந்தார். இரண்டாம் நினைவுநாள் நெருங்கிய அதே நாள்களில்தான் ஆர்ச்சர் படுக்கையில் கிடந்தார். நோயால் சித்தம் கலங்கிய நிலையில் நேர்ந்த மரணம் என்று விசாரணை முடிவு எழுதியது.

இங்கே இரு கதைகளும் மீண்டும் அருகே வருகின்றன. வரலாற்றாசிரியர்கள் சொல்வதன்படி தேசிங்கு துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். பாட்டோ, தோழன் விழுந்ததைக் கண்ட தேசிங்கு தன் வாளை வானத்தில் எறிந்து மார்பில் ஏந்தி மாண்டான் என்கிறது. எதிரியின் கையால் சாவதைவிட அது பெருமை என்று பாடியவர்கள் நினைத்தார்கள். ஆர்ச்சரின் முடிவுக்கு எவரும் அப்படிப் பெருமை சூட்டவில்லை. அதற்கு முன்னால் இருந்த பட்டினியையும் காய்ச்சலையும் துக்கத்தையும் வரிசையாக எழுதி வைத்தார்கள். என் மனம் இந்த இடத்தில் பதிவேட்டின் பக்கமே சாய்கிறது. துயரத்தை அலங்கரிப்பதைவிட அதன் காரணத்தை எழுதி வைப்பது அடுத்து வருகிறவனுக்கு உதவும். எடைக்காக உடம்பை வதைப்பது ஜாக்கிகளின் உயிர்ப்பிரச்சினை என்று பேச இன்றும் ஆர்ச்சரின் கதையே முதலில் எடுக்கப்படுகிறது. 1964இல் இங்கிலாந்தில் அடிபட்ட ஜாக்கிகளுக்கென்று தனி நிதியமும் தொடங்கப்பட்டது.

நினைவு குடிகொண்ட இடங்கள்

தேசிங்கின் மனைவி செஞ்சியில் செட்டிகுளக் கரையில் சிதையேறினாள். அவன் உடலுக்கு அரச மரியாதை தரச் செய்தவர், அவனை வென்ற நவாபே. அந்த இளம் ராணியின் நினைவாகச் சாதத்துல்லா கான் ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் அமைத்த ஊரே ராணிப்பேட்டை என்பது மரபு. சித்தூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை சேர்கிற இடம் அந்த ராணிப்பேட்டைதான். 2019இல் அது மாவட்டத் தலைநகரமும் ஆனது. ஒரு பெண்ணை அந்தச் சாவுக்குத் தள்ளிய வழக்கத்தை நாம் இன்று ஒருபோதும் ஏற்க முடியாது. ஆனால் பகைவரின் துக்கத்தை மதித்து ஓர் ஊருக்கே பெயர் வைத்ததாக மக்கள் நம்பினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ராஜபுத்திர அரசன், முஸ்லிம் தோழன், அரங்கநாதர் அருள், எதிரியின் மரியாதை என எல்லாவற்றையும் பாட்டு ஒரே கதைக்குள் வைத்துக் காத்தது. மதம் சொல்லி மக்களைப் பிரிக்கிற குரல் கேட்கும்போதெல்லாம் மோவுத்துக்காரனின் பெயரை உரக்கச் சொல்லலாம்.

பெரிய எழுத்துப் புத்தகங்கள் அந்தக் கதையை மலிவு விலையில் கிராமங்களுக்குக் கொண்டுபோயின. கூத்துமேடை அதை விடியவிடிய ஆடியது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ திரைக்கு வந்தது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை மராட்டியப் படைத்தளங்களின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் அது மராட்டியர் பெயரால் இருக்கிறது. சாதாரணத் தமிழரோ அதைத் தேசிங்குராஜன் கோட்டை என்றே சொல்கிறார்கள்.

ஆர்ச்சர் நியூமார்க்கெட் இடுகாட்டில் மனைவியோடும் மகனோடும் உறங்குகிறார். அவருடைய நினைவு எண்களில் குடியிருக்கிறது. ஆனால் எண்ணுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதை இன்னொருவர் தாண்டிவிட முடியும். 1885இல் அவர் நிறுவிய 246ஐ 1933இல் கார்டன் ரிச்சர்ட்ஸ் 259ஆல் தாண்டினார். மொத்த வெற்றிகளின் கணக்கையும் அவரே 1943இல் தாண்டினார். தேசிங்கின் பாட்டை எவரும் தாண்ட முடியாது. அது போட்டியில் இல்லை. அதே சமயம் இங்கிலாந்திலும் வாய்மொழி சும்மா இருக்கவில்லை. எல்லாம் நலமே என்று சொல்வதற்கு ‘ஆர்ச்சர் ஏறியிருக்கிறார்’ என்பது லண்டன் தெருக்களில் வழங்கிய பேச்சு. அவர் சேணத்தில் இருந்தால் கவலை வேண்டாம் என்று வண்டிக்காரர்களும் நம்பினார்கள். எந்தப் பதிவேடும் தர முடியாத பட்டம் அது.

நாம் செய்ய வேண்டியது

சித்தூரிலோ திருப்பதியிலோ பந்தயக்களம் கிடையாது. இங்குள்ளவர்களுக்குக் குதிரை என்றால் பிரம்மோற்சவத்தின் எட்டாம் இரவில் மலையப்பர் கல்கி கோலத்தில் ஏறி வரும் அசுவ வாகனமும், ஊர் எல்லையில் ஐயனாருக்கு நிற்கும் மண்குதிரையும்தான். பந்தயம் பார்க்கக் கிண்டிக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். கிண்டியின் கதையும் இன்று முடிவுக்கு வரும் நிலையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமல்ல, குதிரையின் திறனும் ஜாக்கியின் திறனும் சேர்ந்த ஆட்டம் என்று 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு கிண்டிப் பந்தயக்களத்தின் குத்தகையை ரத்து செய்து அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. சூதாட்டம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை நான் மறக்கவில்லை. நிலம் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மண்ணில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய ஜாக்கிகளும், அவர்களுக்காகக் குதிரையைத் தேய்த்து வளர்த்த லாயக்காரர்களும் சூதாடிகள் அல்லர். அவர்களுக்காக நம்மிடம் பாட்டும் இல்லை, பொதுமக்கள் கையில் எடுத்துப் படிக்க ஏடும் இல்லை.

ஒப்பாய்வின் தீர்ப்பு இதுதான். பாட்டு ஒரு வீரனின் தோழனையும் குதிரையையும் தன்மானத்தையும் காப்பாற்றுகிறது. உடம்பையும் காரணத்தையும் விட்டுவிடுகிறது. பதிவேடு உடம்பையும் காரணத்தையும் காப்பாற்றுகிறது. அவனை யார் நேசித்தார்கள், ஏன் நேசித்தார்கள் என்பதை விட்டுவிடுகிறது. தேசிங்குக்குப் பதிவேடு கிடைக்கவில்லை. ஆர்ச்சருக்கு ஒரு முழுப் பாட்டு கிடைக்கவில்லை. நம் காலத்துக் குதிரைக்காரர்களுக்கு இரண்டையும் நாம் கொடுக்க முடியும்.

ஆகவே கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கும், திருப்பதியிலும் சித்தூரிலும் உள்ள தெலுங்குத் துறைகளுக்கும் என் வேண்டுகோள்: தேசிங்கு கதையின் தமிழ், தெலுங்கு வடிவங்களை, பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பதிவு செய்து அருகருகே பதிப்பியுங்கள். கிண்டி லாயங்களில் வாழ்நாளைக் கழித்தவர்களிடம் இப்போதே போய் உட்கார்ந்து, அவர்கள் ஓட்டிய குதிரைகளின் பெயரையும் பட்ட காயங்களையும் பட்டினி கிடந்த நாள்களையும் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை திருமலைக்குப் போகிறவர்கள், கைகூப்பி நிற்கும் அந்த மூன்று செப்புச் சிலைகளின் முன் ஒரு நிமிடம் நின்று, உடன் வரும் பிள்ளைகளுக்குச் செஞ்சியின் கதையைச் சொல்லுங்கள்.